இருட்டு மாஸ்டரின் வெயில் வைத்தியம்

ஜன்னலுக்குத் திரை தைத்து மாட்டுகிறவர்கள் அந்த ஊரில் பலர் இருந்தார்கள். ஆனால் மதியத் தூக்கத்தை மதிக்கிறவர்கள் தேடிப்போனது இருட்டு மாஸ்டரைத்தான். அவர் வேலை பார்த்துவிட்டுப் போன அறைக்குள் நட்டநடுப் பகலில் நுழைந்தவர்கள் கட்டில் காலில் இடித்துக்கொண்டு, வலிக்கிற கட்டைவிரலைப் பிடித்தபடியே அவர் கைத்திறனைப் பாராட்டுவார்கள். திரையை மாட்டி முடித்ததும் மாஸ்டர் விளக்கை அணைக்கச் சொல்வார். கதவைச் சாத்தச் சொல்வார். பிறகு வீட்டுக்காரரின் முகத்துக்கு நேரே கையை நீட்டி, "எத்தனை விரல் தெரியுது, சொல்லுங்க பாப்போம்" என்பார். வீட்டுக்காரர் திருதிருவென்று விழிப்பார். அவர் விழிப்பது மாஸ்டருக்கும் தெரியாது. அவருடைய தொழிலில் இதைவிடப் பெரிய நற்சான்றிதழ் கிடையாது.

வெயிலை அவர் ஜென்மப் பகையாளியாகவே நடத்திவந்தார். கடைக்குப் பின்னாலேயே வீடு. கடையில் கொள்ளாத துணிக்கட்டுகள் முதலில் கூடத்துக்கு வந்தன. பிறகு உரிமையோடு படுக்கையறைக்கும் குடியேறின. வெளிச்சம் பட்டால் துணி வெளுத்துவிடும் என்பதால் எல்லா ஜன்னல்களுக்கும் இரட்டைத் திரை. நீலத் துணி, சிவப்புத் துணி, மனைவி, மகள் எல்லாரும் அங்கே சாயம் போகாமல் பாதுகாப்பாக வாழ்ந்துவந்தார்கள். மகள் மட்டும் சற்று வெளிறியிருந்தாள். அதையும் அவர் விட்டுவைக்கவில்லை. "பாருங்க, எப்படி வெள்ளையா இருக்கா!" என்று வந்தவர்களிடம் காட்டுவார், அதுவும் தாம் தைத்ததுதான் என்பதைப் போல.

ஒரே ஒரு வேலையில்தான் அவருடைய கை கொஞ்சம் கோணியது. பெரியாஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டுக்குத் திரை போட்டபோது, ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு சாண் துணியை மிச்சம் பிடித்தார். மனைவி கேட்டபோது, "படுத்துக்கிடக்கற பிள்ளைங்க எழுந்து வந்து டேப் வெச்சு அளக்கவா போவுது?" என்றார். அந்தப் பதில் மனைவிக்கு நியாயமாகப் பட்டது. மிச்சத் துணியில் வீட்டுக்குத் தலையணை உறை தைத்துக்கொண்டாள். கருநீலம், அழுக்குத் தெரியாது.

மகள் ஆறாம் வகுப்பில் இருந்தபோது, கழிவறையையே தன் நிரந்தர முகவரியாக்கிக்கொண்டாள்.

"உள்ளே என்ன பண்றே? வீடு கட்டறியா?" என்று வெளியிலிருந்து கதவைத் தட்டுவார் மாஸ்டர்.

"அஸ்திவாரம்தான்பா ஓடுது" என்று உள்ளேயிருந்து முனகலாகப் பதில் வரும்.

பள்ளிக்கூடத்துக்கு டிமிக்கி கொடுக்கிறாள் என்று மாஸ்டர் முடிவு கட்டினார். கண்டதைத் தின்கிறாள் என்று மனைவி முடிவு கட்டினாள். மாஸ்டரின் அக்கா இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தாள். எந்த வீட்டில் எது நடந்தாலும் தீர்ப்பு வழங்கும் பொறுப்பு அவளுடையது. "ஒத்தைப் பிள்ளைன்னு தலையில தூக்கி வெச்சு ஆடினா வயித்துவலி வராம என்னடா வரும்?" என்று சொல்லி வழக்கை முடித்துவைத்தாள்.

வேறு எந்த வீடாக இருந்தாலும் பிள்ளை இளைப்பது உடையைப் பார்த்தே தெரிந்திருக்கும். இது தையல்காரர்கள் வீடு. பள்ளிப் பாவாடை இடுப்பில் நிற்காமல் நழுவியதும் மனைவி இரண்டு ஓரத்தையும் பிடித்துத் தைத்தாள். மறுபடி நழுவியது, மறுபடி பிடித்தாள். சட்டைத் தோளை மாஸ்டரே உள்ளே வாங்கிக்கொடுத்தார். பிள்ளை பாதியாகக் கரைந்த பிறகும் உடுப்பு மட்டும் அளவெடுத்துத் தைத்ததைப் போல அம்சமாக இருந்தது. இருவரும் அதைப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டார்கள். துவைக்கப் போட்ட உள்ளாடையில் ரத்தத்தைப் பார்த்த அன்றுதான் மனைவிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

குழாய் விட்டுப் பார்த்த குடல் டாக்டரம்மா சுற்றிவளைக்காமல் சொன்னாள்.

"பெருங்குடல் முழுக்கப் புண். இதுக்குப் பெருங்குடல் அழற்சின்னு பேரு. நம்ம உடம்போட காவல்காரன் இருக்கானே, அவன் திருடனை விட்டுட்டு வீட்டு ஆளுங்களையே போட்டு அடிக்கறான். நீண்ட நாள் மருந்து சாப்பிடணும். சாப்பிட்டா நல்லா இருக்கலாம்."

"என்ன தின்னதால வந்தது டாக்டர்?" என்றாள் மனைவி.

"தின்னதால இல்லே. யார் தப்பும் இல்லே."

மாஸ்டரால் தாங்க முடியாமல் போனது இந்தக் கடைசி வாக்கியம்தான். யார் தப்பும் இல்லையென்றால் யாரைப் பிடித்து உலுக்குவது? எதைக் கழற்றி மாட்டுவது? அளவு தப்பினால் பிரித்துத் தைக்கலாம். அளவே இல்லாத இடத்தில் கத்தரிக்கோலை எங்கே வைப்பது? அதைவிடப் பெரிய சங்கடம், இந்த நோயின் பேரை வாயால் சொல்லியாக வேண்டும். பெருங்குடல் என்றால் அடுத்து என்ன கேட்பார்கள் என்பது அவருக்குத் தெரியாதா? நாளைக்குக் கல்யாணம் காட்சி என்று வரும்போது யாராவது வாயைக் கிளற மாட்டார்களா?

அப்போதுதான் டாக்டரம்மா ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துப் போகிறபோக்கில் சொன்னாள்: "விட்டமின் டி-யும் ரொம்பக் குறைவா இருக்கு. வெயில் பட்டா வர்ற சத்து."

மாஸ்டர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். "எங்க வீடு கொஞ்சம் இருட்டு டாக்டர். அதனால இருக்குமோ?"

"அதுவும் ஒரு காரணமா இருக்கலாம். ஆனா குடல் புண்ணா இருக்கற பிள்ளைங்க நிறைய பேருக்கு இது குறைவாத்தான் இருக்கும். சத்து உள்ளே சரியா ஏறாது, வெளியே போய் விளையாடறதும் இல்லே. சத்து குறைஞ்சதால நோய் வந்ததா, நோய் வந்ததால சத்து குறைஞ்சதான்னு இன்னும் யாருக்கும் முழுசாத் தெரியாது. எலும்பு கெட்டுப்போகாம இருக்க வாரம் ஒரு பொட்டலம் தர்றேன், பால்ல கலந்து குடுங்க. குடலுக்கு மருந்து அது இல்லே. குடலுக்கு இந்த மாத்திரை. இதை ஒரு நாளும் விடக்கூடாது. இன்னொண்ணு, இந்த மாத்திரை சாப்பிடறப்போ தோலுக்கு வெயில் ஆகாது. உச்சி வெயில்ல நிக்கவிடாதீங்க."

இவ்வளவில் மாஸ்டரின் காதில் தங்கியது 'அதுவும் ஒரு காரணமா இருக்கலாம்' என்ற நான்கு சொற்கள்தான். மற்றதெல்லாம் டாக்டர்கள் பழக்கதோஷத்தில் பேசுவது.

அன்று வீடு திரும்பும்போது ஆட்டோவில் மாஸ்டர் விசும்பி அழுதார். "நான்தான்டி காரணம். என் இருட்டுதான் பிள்ளையைத் தின்னுடுச்சு." மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பார்ப்பவர் நெஞ்சு உருகும். ஆனால் அந்த அழுகையின் அடியில் ஒரு நிம்மதி சத்தமில்லாமல் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. தப்பு தம்முடையது என்றால் திருத்துவதும் தம் கையில்தான். கையாலாகாத நல்லவராக இருப்பதைவிடக் கைதேர்ந்த குற்றவாளியாக இருப்பது எவ்வளவோ கௌரவம்.

மறுநாளே அக்கா வந்து சேர்ந்தாள்.

"என்னடா, ஆஸ்பத்திரிக்கெல்லாம் போனீங்களாமே! பிள்ளைக்கு என்ன?"

மனைவி சட்டென்று தையல் மெஷினை மிதிக்க ஆரம்பித்தாள். அதில் துணியே இல்லை.

"பயப்படற மாதிரி ஒண்ணுமில்லேக்கா. வெயில் பத்தலையாம்."

"வெயில் பத்தலையா? இந்த ஊர்லயா?" அக்கா முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். "நாங்கல்லாம் வெந்து சாகறோம், உம் பொண்ணுக்குப் பத்தலையாமா? பெரிய இடத்து நோய்தான் போ!"

"அத்தை, எனக்குப் பெரு..." என்று ஆரம்பித்தாள் மகள்.

"பெருசா ஒண்ணுமில்லேன்னு சொல்ல வர்றா" என்று மாஸ்டர் வாக்கியத்தை அங்கேயே கத்தரித்து ஓரம் மடித்துத் தைத்துவிட்டார்.

முதல் சில மாதங்கள் எல்லாம் ஒழுங்காகவே நடந்தன. முதலில் கொடுத்த வீரியமான மருந்தில் மகளுக்கு முகம் உப்பியது. வகுப்பில் 'பலூன்' என்று கூப்பிட்டார்கள். "டீச்சர், பலூனுக்குப் பாத்ரூம் போகணுமாம், விடலேன்னா வெடிச்சுடும்" என்று பின்வரிசை குரல் கொடுக்கும். டாக்டரம்மா அந்த மருந்தைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினாள். தினசரி மாத்திரை மட்டும் தொடர்ந்தது. புண் அடங்கியது. ரத்தம் நின்றது. பிள்ளை பள்ளிக்கூடத்தில் முழு நாளும் உட்கார்ந்தாள்.

மாஸ்டருக்கு ஒரே ஒரு குறைதான். வியாதிக்கு மருந்து வெயில். மாத்திரைக்கு வெயில் ஆகாது. இரண்டும் எப்படி ஒரே வீட்டில் குடித்தனம் நடத்தும்? திரையா வெளிச்சமா என்று வாடிக்கையாளர்கள் குழம்பும்போது தீர்த்துவைக்கிற மனிதர் அவர். இதையும் அப்படியே தீர்த்துவைத்தார். மாத்திரையை நிறுத்தினார்.

"டாக்டரம்மாவை ஒரு வார்த்தை கேட்டுடலாமே" என்றாள் மனைவி.

"கேட்டா நிறுத்துன்னு சொல்லிடுவாங்களா? நான் போய் யாராவது கிட்டே ஜன்னலைச் செங்கல் வெச்சு அடைச்சுடுங்க, கர்ட்டன் செலவு மிச்சம்னு சொல்வேனா?"

மனைவி யோசித்தாள். அவளுக்கும் நாத்தனாரிடம் வெயில் என்று சொல்வது எளிதாக இருந்தது. மகளிடம் கேட்டபோது அவளும் தலையாட்டினாள். மாத்திரை குமட்டியது. எந்த மாத்திரையால் முகம் உப்பியது என்பதெல்லாம் அவளுக்குத் தெரியாது. பலூனாக இருந்து பார்த்தவர்களுக்குத்தான் அந்தத் தலையாட்டலின் அருமை தெரியும்.

வீட்டுத் திரைகள் ஒரே நாளில் இறங்கின. துணிக்கட்டுகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தன. மொட்டைமாடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போடப்பட்டது. பள்ளி இல்லாத நாளெல்லாம் மகள் அதில் அமர்த்தப்பட்டாள். தொப்பி கூடாது, குடை கூடவே கூடாது. மாஸ்டர் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் நின்றபடி, "கையை நீட்டு. திருப்பு. அந்தப் பக்கம்" என்று கட்டளையிடுவார். ரொட்டி வாட்டுகிறவரின் கவனம் அவர் முகத்தில் இருக்கும்.

"அப்பா, நீங்களும் வாங்களேன். உங்களுக்கும் சத்து ஏறும்ல?"

"எனக்கெதுக்கும்மா? மண்டை காயுது."

புதிதாக மதம் மாறியவரின் வேகம் மாஸ்டருக்கு வந்துவிட்டது. இருட்டு கேட்டு வந்த வாடிக்கையாளர்களிடம் வெயிலின் மகிமையைப் போதித்தார். "குழந்தைங்க ரூமா? அங்கே போடாதீங்க சார், என் பொண்ணு கதையைக் கேளுங்க" என்பார். வந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டே அடுத்த தெருக் கடையில் போய்த் திரை வாங்கினார்கள்.

மகளின் முகம் பழைய அளவுக்கு வற்றியது. வீரியமான மருந்து உடம்பை விட்டு இறங்கினால் முகம் வற்றத்தான் செய்யும். மாஸ்டர் வெயிலின் கணக்கில் எழுதினார். புண் தலைதூக்காமல் அடங்கியே இருந்தது. அதுவரை சாப்பிட்ட மாத்திரையின் மிச்சமீதி அது. அதுவும் வெயிலின் கணக்கிலேயே போய்ச் சேர்ந்தது. ஆறு மாதம் கழித்து டாக்டரம்மாவிடம் போக வேண்டிய நாளில், "நல்லா இருக்கற பிள்ளையை எதுக்கு மறுபடி குழாய் விட்டுக் குடைஞ்சுகிட்டு?" என்று கேட்டு, நேரே ரத்தப் பரிசோதனைக் கடைக்குப் போய் விட்டமின் டி-யை மட்டும் பார்க்கச் சொன்னார். மற்றதைப் பார்த்து அவருக்கு என்ன ஆகவேண்டும்?

நார்மல். சாதாரண நார்மல் அல்ல. பார்த்த ஆளே புருவத்தை உயர்த்துகிற நார்மல்.

அன்று கடைக்கு வந்தவர்கள் எல்லாருக்கும் சாக்லேட். அக்காவுக்கு ஒரு பெட்டியே போனது. "அப்பவே நான் சொல்லலே, வெயில்ல விடுடான்னு?" என்றாள் அவள். அவள் சொல்லவேயில்லை. ஆனால் வெற்றிக்குப் பங்காளிகள் சேரும்போது யார் குறுக்கு விசாரணை செய்கிறார்கள்?

அதே வாரம் மகள் மொட்டைமாடியில் சொன்னாள்:

"அப்பா, மறுபடி ரத்தம் வருது."

மாஸ்டர் நிழலிலிருந்து அவளைப் பார்த்தார். சட்டைப் பையில் பரிசோதனை முடிவு இருந்தது. அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"உள்ளே கிடந்த கெட்டதெல்லாம் வெளியேறுதும்மா. அப்புறம் சரியாயிடும்."

"போன தடவை நீங்க அப்படிச் சொல்லலே."

"போன தடவை உனக்கு டி இல்லே."

மகள் அம்மாவிடம் போனாள். அம்மா அப்பாவிடம் வந்தாள். "டி நார்மலா இருக்கறப்போ நோய் எங்கேருந்துடி வரும்?" என்றார் மாஸ்டர். மாலையில் அம்மா மகளின் பாவாடையை எடுத்து இடுப்பில் ஒரு பிடி பிடித்துத் தைத்தாள். பல்லால் நூலைக் கடித்து அறுத்தாள். உடுப்பு மறுபடி கச்சிதமாக நின்றது.

அடுத்த விடுமுறையில் வெயில் கொளுத்தியது. மாஸ்டருக்கு அது தங்கமழை. மகள் நாற்காலியில் சுருண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அப்பா, கீழே போகணும்."

"இப்பத்தானே போயிட்டு வந்தே?"

"மறுபடி வருதுப்பா."

"கொஞ்சம் அடக்கிக்கோ. உச்சி வெயில்லதான் சத்தே இருக்கு. இதை விட்டுட்டா இனி அடுத்த லீவுக்குத்தான்."

அவள் அடக்கிக்கொண்டாள். வகுப்பில் பழகிய வித்தை. கண்ணை மூடி, காலைப் பின்னி, உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். மாஸ்டருக்குப் பிள்ளையின் ஒத்துழைப்பு பெருமையாக இருந்தது. பிறகு அவள் கேட்காமலேயே எழுந்தாள். படிக்கட்டை நோக்கி நாலு எட்டு வைத்தாள். வெள்ளை நாற்காலியின் மேல் தங்கிப்போயிருந்ததை மாஸ்டர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, படிக்கட்டில் அவள் உருளும் சத்தம் கேட்டது.

பெரியாஸ்பத்திரியில் அதே டாக்டரம்மா.

"மாத்திரையை எப்ப நிறுத்தினீங்க?"

"நிறுத்தினோம்னு யாரு சொன்னா?"

"குடல் சொல்லுது."

மாஸ்டர் சட்டைப் பையிலிருந்து முடிவை எடுத்து நீட்டினார். கடைசித் துருப்புச் சீட்டு. "டி நார்மல் டாக்டர். நீங்களே பாருங்க."

அவள் வாங்கிப் பார்த்தாள். நிதானமாகப் பார்த்தாள்.

"ரொம்ப நல்லா இருக்கு" என்று திருப்பிக் கொடுத்தாள். "உடம்புல இது ஒண்ணுதான் நல்லா இருக்கு."

ஊசி மருந்துகள் ஏற்றிப் பார்த்தார்கள். அடங்கவில்லை. வயிறு வீங்கியது. குடல் கிழிவதற்குள் எடுத்துவிட வேண்டும் என்றார்கள். எவ்வளவு என்று மாஸ்டர் கேட்டார். பெருங்குடல் முழுக்க என்றார்கள். வயிற்றில் ஓர் ஓட்டை போட்டு, வெளியே ஒரு பை ஒட்டுவார்கள். கழிவு அதில் வந்து சேரும்.

"கெட்டுப்போன இடத்தை மட்டும் வெட்டிட்டு, நல்லதை நல்லதோட சேர்த்துத் தைக்க முடியாதா டாக்டர்?" என்று மாஸ்டர் கெஞ்சினார். டாக்டரம்மாவிடம் அவர் கேட்ட ஒரே தொழில்முறைக் கேள்வி அதுதான் என்று சொல்ல வேண்டும்.

"நைஞ்ச துணியில தையல் நிக்குமா?" என்றாள் டாக்டரம்மா.

இத்தனை மாதங்களில் அவள் சொன்ன எல்லாவற்றிலும் இந்த ஒன்றுதான் அவருக்கு உடனே புரிந்தது. கையெழுத்துப் போட்டார்.

அறுவை முடிந்து மகளைக் குழந்தைகள் வார்டில் ஜன்னலோரக் கட்டிலில் போட்டார்கள். ஆஸ்பத்திரித் தலையணை வேண்டாம் என்று மனைவி வீட்டிலிருந்து ஒன்று கொண்டுவந்திருந்தாள். கருநீல உறை போட்டது. மதியம் மேற்கிலிருந்து வெயில் வந்தது. மருந்து மயக்கத்தில் கிடந்த மகள் முகத்தைச் சுளித்தாள்.

"அப்பா, கண்ணு கூசுது. கர்ட்டனை இழுங்க."

மாஸ்டர் இழுத்தார். இடது பக்கம் மூடியது. வலது பக்கம் திறந்தது. வலது பக்கம் இழுத்தார். இடது பக்கம் திறந்தது. எப்படி இழுத்தாலும் ஒரு சாண் வெளிச்சம், கத்தியைப் போல, அவள் கண்ணின் மேலேயே விழுந்தது. துணியின் ஓரத்தைத் திருப்பிப் பார்த்தார். அந்த மடிப்பையும் அந்தத் தையலையும் எந்த இருட்டிலும் அவரால் அடையாளம் சொல்ல முடியும். வெளிச்சத்தில் கேட்பானேன்? துணியைப் பார்த்தார். தலையணை உறையைப் பார்த்தார். மனைவியும் பார்த்தாள். உடனே வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வேறு வழியில்லை. ஸ்டூல் மேல் ஏறி நின்று, ஒரு கையால் திரையின் ஓரத்தைச் சட்டத்தோடு அழுத்திப் பிடித்து, மிச்ச இடைவெளியைத் தம் முதுகால் மறைத்துக்கொண்டார். முதன்முறையாக வெயில் அவர் மேல் முழுசாக விழுந்தது. முதுகு வெந்தது.

அப்போது பழப் பையோடு அக்கா உள்ளே வந்தாள். ஸ்டூல் மேல் நிற்கும் தம்பியை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஆஸ்பத்திரியிலயும் வந்து கர்ட்டன் வேலையா? என்னடா ஆச்சு பிள்ளைக்கு?"

மாஸ்டர் திரையை விடவில்லை. பழக்கத்தில் வாய் திறந்துவிட்டது. "அது ஒண்ணுமில்லேக்கா, வெயில்..."

"பெருங்குடலை எடுத்துட்டாங்க, அத்தை" என்றாள் மகள்.

குரல் தேய்ந்திருந்தாலும் வார்டு முழுக்கக் கேட்டது. பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் போர்வையை விலக்கி, வயிற்றில் ஒட்டியிருந்த பையைக் காட்டினாள். அது பாதி நிரம்பியிருந்தது.

"இனிமே பாத்ரூம் போகணும்னு யார்கிட்டேயும் கேக்க வேண்டியதில்லே. இதுலேயே வந்துடும். தொட்டுப் பாக்கறீங்களா? சூடா இருக்கும்."

அக்காவின் கையிலிருந்த பை நழுவிப் பழங்கள் கட்டிலுக்கடியில் உருண்டன. அவள் தீர்ப்பு எதுவும் வழங்கவில்லை. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இரண்டடி பின்னால் போனாள். மாஸ்டருக்கு இறங்கி ஓடிப்போய் அந்தப் போர்வையை இழுத்து மூட வேண்டும் போலிருந்தது. திரையை விட்டார், ஸ்டூலிலிருந்து ஒரு காலை இறக்கினார்.

வெளிச்சம் மகளின் கண்ணில் அடித்தது.

"அப்பா" என்றாள் அவள், கண்ணைத் திறக்காமலே. "கையை எடுக்காதீங்க. கொஞ்சம் அடக்கிக்கோங்க."

மாஸ்டர் காலை மேலே எடுத்தார். திரையைப் பிடித்தார். போர்வை திறந்தபடியே கிடந்தது. வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டு போனார்கள். வெயில் இறங்கும்வரை அவர் அப்படியே நின்றார்.